எட்டு மணி நேரம் ஓடினால்

மதலேனா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தாள். மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பொய் சொல்லப் போகிறாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

அது 1986. ஏர்கான் வாங்க வந்திருந்தாள். தனக்காகவா? அறுபத்திரண்டு வயதுவரை காற்றாடியில் காலம் தள்ளியவளுக்கு இனிமேல் என்ன குளிர் வேண்டிக்கிடக்கிறது. மகன் ஜார்ஜ் கல்யாணமாகி உட்லண்ட்ஸுக்குத் தனியாகப் போய்விட்டான். ஒரே ஒரு முறை மனைவியோடு அம்மாவின் ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் வந்து தங்கினான். அந்தப் பெண் விடிய விடியப் புழுக்கத்தில் புரண்டாள். புறப்படும்போது, "ஒரு ஏர்கான் இருந்தா சனி ஞாயிறு வந்து தங்கலாம்மா," என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னானோ, மெய்யாகவே சொன்னானோ, மதலேனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் அப்துல் முத்தலிப் பொறுமைசாலி. அவரே விற்பார், அவரே வந்து மாட்டுவார், மூன்று மாதம் கழித்து அவரே வந்து சுத்தம் செய்தும் கொடுப்பார். இரண்டு மிஷின்களைக் காட்டினார்.

"இது சாதாம்மா. வீடு குளிர்ந்ததும் நின்னுடும், சூடானா மறுபடி கிளம்பும். கிளம்புற ஒவ்வொரு தடவையும் கரண்டை இழுக்கும். அது இன்வெர்ட்டர், புதுசு. நிக்காது, வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும். விலைதான் ஜாஸ்தி."

"எது நல்லது தம்பி?"

"நீங்க ஓட்டுறதைப் பொறுத்ததும்மா. தினம் எட்டு மணி நேரம் ஓடினா இன்வெர்ட்டர்தான், பில்லுல மிச்சமாயிடும். எப்பவாவது ஒரு நாள் போடுறதுன்னா சாதாவே போதும் லா, காசை வீணாக்காதீங்க. வீட்டுல எத்தனை பேரு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஒருத்தி என்றால் சாதா மிஷின். சாதா மிஷின் என்றால், மகன் எப்பவாவதுதான் வருவான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

"மூணு பேரு," என்றாள் வாய் கூசாமல். "மகனும் மருமகளும் கூடத்தான் இருக்காங்க. எந்நேரமும் ஓடும்."

"அப்ப யோசிக்கவே வேணாம், இன்வெர்ட்டர்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்ற காசு அது. கொடுக்கும்போது அவளுக்கு வலிக்கவே இல்லை.

எல்லாரும் பாய் விரித்து ஒன்றாகப் படுக்கலாம் என்று மிஷினை ஹாலில் மாட்டச் சொன்னாள். அடுத்த ஞாயிறு மகனும் மருமகளும் வந்தார்கள். "சத்தமே இல்லையே அத்தை," என்று மருமகள் மெச்சினாள். கோழிக்கறி சாப்பிட்டார்கள், படுத்துத் தூங்கினார்கள், ஐந்து மணிக்கு எழுந்து நாளைக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மருமகளுக்குத் தலைவலி. அதற்கடுத்த வாரம் ஜார்ஜுக்கு ஓவர்டைம். அப்புறம் காரணம் சொல்வதற்காக வந்துகொண்டிருந்த போனும் நின்றது. அவர்களைத் துரத்தியது புழுக்கம் இல்லை என்று மதலேனாவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய.

வாங்கியாயிற்று, நாமாவது போடுவோம் என்று ஒரு மத்தியானம் போட்டாள். போட்டால் வாசல் கதவைச் சாத்த வேண்டும். அந்த மாடியில் எல்லாரையும் போல அவளும் பகல் முழுக்க மரக்கதவைத் திறந்துபோட்டு இரும்புக் கேட்டை மட்டும் பூட்டியிருப்பாள். போகிறவர் வருகிறவர் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை பேசுவார்கள். பக்கத்து வீட்டுக் கதீஜா தினமும், "சமைச்சாச்சா அக்கா?" என்பாள். கதவைச் சாத்தியதும் அந்த ஒரு வார்த்தையும் இல்லாமல் போனது. மிஷின் சத்தமில்லாமல் ஓடியது. கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பயமாக இருந்தது. அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அதற்கப்புறம் அந்தச் சுவிட்சை அவள் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து முத்தலிப் ஏணியோடு வந்தார். மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். மூன்று பேர் உள்ள வீட்டில் எந்நேரமும் ஓடியிருந்தால் அதில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருக்க வேண்டும். இதுவோ பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலிருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்ததையும் பார்த்தார்.

ஏணிக்குக் கீழே நின்ற மதலேனாவுக்கு முகம் சுட்டது. அந்தப் பொய்யை இன்னும் அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

முத்தலிப் ஃபில்டரைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிதானமாகக் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டினார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா," என்றார். அழுக்கே இல்லாததை அவர் கழுவியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் தம்பி. நான் ஒருத்திதான்."

அவர் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "டீ இருந்தாக் குடுங்கம்மா," என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதலேனா சுவிட்சைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை.

"எட்டு மணி நேரம் ஓடணும்னீங்களே. நீங்க எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

முத்தலிப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் இருப்பேம்மா."

"போதும்," என்று சமையலறைக்குப் போனாள். தண்ணீரை வைத்து, சீக்கிரம் கொதித்துவிடாமல் அடுப்பைக் குறைத்தாள்.