அமாவாசைத் தண்ணி

“தாம்பரம் தாண்டிட்டானா, இல்லியா?”

சின்ன மாமனார் ஏழுமலை மறுபடியும் வந்து நின்றார். தேவகி போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் ஆள் பேசுவதுபோலத் தலையாட்டினாள். மறுமுனையில் யாருமில்லை.

“வந்துகினே கீறாரு மாமா.”

“சீக்கிரம் வரச் சொல்லு. சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டணும். பொணம் ஊர்ல கெடந்தா கோயில் தொறக்க முடியாது. ஒரு மணிக்கு எடுத்தாகணும்.”

பந்தலில், கண்ணாடிப் பெட்டிக்குள், மாமனார் முனியன் படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். தேவகி உடனே புருஷன் வேதகிரியைக் கூப்பிட்டாள். அவன் குஜராத் பக்கம் கப்பலில் இருந்தான். “கரை தெரியுது தேவகி” என்றான். பிறகு அழுகைதான் கேட்டது.

அவள் வெளியே வந்து, “கரைக்கு வந்துட்டாரு, காலையில பிளேன் ஏறிடுவாரு” என்று ஊருக்கே சொல்லிவிட்டாள். ஊரை ஒட்டிய செய்யாற்றில் தண்ணீர் ஓடும்போது இந்த மாகறல்காரர்கள் இடுப்பளவில் இறங்கி அக்கரைக்கு நடப்பவர்கள். கரை தெரிந்தால் இறங்கிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

விடிந்த பிறகுதான் அவன் விளக்கினான். அது உடைக்கப்போகிற கப்பல். அமாவாசைக்குப் பொங்குகிற கடல் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் மதியத்தில், முழு வேகத்தில் ஓட்டி மணலில் ஏற்ற வேண்டும். “இத வுட்டா அடுத்த பௌர்ணமிதான். ஆளுங்களே கம்மி. இன்ஜின் ரூம்ல நான் இல்லாம முடியாது. மண்ல ஏறினப்புறம்தான் ஏணி போடுவாங்க.”

தேவகி அதை வெளியே சொல்லாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்தாள். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

அந்தக் கப்பல் அவளுக்கு ஒரு சக்களத்தி மாதிரி. கொரியாவில் கட்டிமுடித்து, பெயிண்ட் வாசனை போகாத புதுக் கப்பலாக அது கடலில் இறங்கிய வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம். முதல் பயணத்திலேயே ஃபிட்டராக ஏறினான் வேதகிரி. அரபு நாட்டில் எண்ணெய் நிரப்பி ஜப்பானில் இறக்கினார்கள். மூன்று முதலாளிகள் மாறினார்கள். பெயரையும் மூன்று முறை அழித்து எழுதினார்கள். எந்தக் குழாய் எங்கே கசியும் என்று தெரிந்தவன் என்பதால் ஒவ்வொருவரும் அவனையே கூப்பிட்டார்கள். கடைசியில் துரு அரித்து, யாருக்கும் வேண்டாததாகி, இரும்பு விலைக்குப் போனது. “அத கரை சேத்துட்டு வந்துடறேன். அப்புறம் வூட்லதான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பந்தலுக்குப் பின்னால் கொழுந்தன் கலைச்செல்வன் அவளை மடக்கினான்.

“அண்ணி, நெசத்தச் சொல்லு. அண்ணன் வருதா?”

“வரமாட்டாரு தம்பி. இன்னும் கப்பல்லதான் கீறாரு.”

“நைட்டே சொல்றதுக்கு இன்னா?”

ஏழுமலை காதில் அது விழுந்துவிட்டது. “அவன் கப்பலத்தான கட்டிக்கினான்! உன்ன சும்மா வூட்ல வெச்சிட்டுப் போனான்” என்றவர், கலைச்செல்வன் தோளைத் தட்டினார். “நீயே கொள்ளி வெய்யிடா. நாவிதர் காத்துகினு கீறாரு.”

“நான் வெக்கமாட்டேன்.”

“இன்னாடா பேஜாரு பண்ற?”

“அப்பாவுக்குக் கொள்ளி வெக்கிறது மூத்தவன் அண்ணன்தான். அம்மாவுக்குத்தான் கடைசிப் புள்ள நானு. இத நான் வெச்சிட்டா அத அண்ணன் கேக்காதா? அம்மாவ நான் யாருக்கும் வுட்டுக் குடுக்க மாட்டேன்.”

பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் கோவிந்தம்மாள் இரண்டு மகன்களில் இங்கே நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ வெய்யி சின்னவனே. என்னுது பெரியவனுக்கு இருக்கட்டும்.”

“ம்மா...”

“அவனுக்கும் ஒண்ணு வேணும்ல?”

கலைச்செல்வன் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தான். கத்தி இறங்க இறங்க அவன் முதுகு குலுங்கியது.

பாடையைத் தூக்கும்போது தேவகியின் போன் அடித்தது. வீடியோ கால். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அதை மாமியார் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

கப்பல் மணலில் ஏறிவிட்டது. நாலா பக்கமும் சேற்றுத் தண்ணீர். தூரத்தில் பாதி அறுத்த கப்பல்கள். மேல்தளத்தில், கொட்டுகிற மழையில், இன்ஜின் எண்ணெய் படிந்த உடுப்போடு வேதகிரி நின்றான். தலை மொட்டை. பழக்கமில்லாத கை மழித்ததில் காதுக்கு மேலே கீறியிருந்தது. அவன் வாய் அசைந்தது. பறைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கோவிந்தம்மாள் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

“மொட்டத் தலையில மழ படுது பாரு. எதுனா போட்டுக்கச் சொல்லுமா.”

தேவகி தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். வேதகிரி கொஞ்ச நேரம் விழித்தான். அப்புறம் கீழே கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து, அதிலிருந்த மழைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தலையில் வைத்துக்கொண்டான்.