அரங்கிலிருந்து கேள்வி உண்டா?

1

இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். போலந்தின் போஸ்னான் நகரில், என் தோழி செலினாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். நான் செய்ய வேண்டிய காரியம் வேறு. அதைச் செய்யப் பயமாக இருக்கிறது, அதனால் கதை எழுதுகிறேன்.

தொடக்கம்: "ஓர் ஊரில் ஓர் இயந்திரம் இருந்தது. அதன் முன்னே வேலைகள் வரிசையாக..."

சீ. யார் படிப்பார்கள் இதை?

2

மறுபடி. சில வேலைகள் காத்திருக்கக் காத்திருக்க நீளும். [பீரோகிக் கொழுக்கட்டைக்கு மாவைத் தேய்த்து, மூடாமல் வைத்துவிட்டு, போனில் அரட்டை அடித்துப் பாருங்கள், காய்ந்த மாவோடு மல்லாட இரட்டை நேரம் ஆகும்.] இருப்பது ஒரே இயந்திரம், எதை முதலில் போட்டால் எல்லாம் சீக்கிரம் முடியும்? செலினா அதற்கொரு விதி கண்டாள், நிரூபித்தாள். எங்கள் பேராசிரியர் ஸெனோனின் பெயரும் சேர்ந்து கட்டுரையாக வெளிவந்தது, ஆய்வேடும் ஆனது. நேற்று அவளே பார்த்துவிட்டாள்: மூன்றே மூன்று வேலைகளை வரிசையில் வைத்தாலே விதி கவிழ்கிறது.

[ஆயிரம் வேலைகளில் கவிழ்ந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சனியன், மூன்று.]

3

இன்று காலை, துறை வராந்தாவில், ஸெனோனும் செலினாவும்:

"இங்க பாரும்மா, தேர்வாளர் ரெண்டு பேர் படிச்சு கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்குப் பட்டத்த வாங்கு. திருத்தறது அப்புறம்."

"அப்புறம்னா பெருசாயிடும் புரொஃபசர். இப்போ ஒரு நிபந்தனை சேர்த்தா போதும். நாளைக்கு இத நம்பி நாலு பேர் எழுதிடுவாங்க."

"மேடையில நீயா வாயத் தொறந்தா என் மூஞ்சில கரி பூசறதா அர்த்தம். அவ்ளோதான்."

[காத்திருந்தால் நீளும் வேலை, காத்திருந்தால் நீளும் பிழை. இதை உருவகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வைக்கவில்லை, தானாக வந்து நிற்கிறது, எனக்கே கடுப்பாக இருக்கிறது.]

அவர் போனதும் செலினா என் கையைப் பிடித்தாள்.

"ரெனாட்டா, மூணு வேலை வெச்சா விதி நிக்குமான்னு நீ கேளு. அரங்கத்துல இருந்து யார் வேணா கேக்கலாம்ல? கேட்டுட்டா நான் பதில் சொல்லித்தானே ஆகணும்."

"எனக்கும் அவர்தான்டி வழிகாட்டி. என்னோடது இன்னும் பாதிகூட முடியல."

"தெரியும். வேற யாரக் கேக்கச் சொல்றது? எங்கம்மாவையா?"

4

செலினாவின் அம்மா பக்கத்து அறையில் பாலாடைக்கட்டிக் கேக்கை வெட்டி அடுக்கிவிட்டார். தேர்வுக் குழு முடிவு சொல்வதற்கு முன்பே இங்கே விருந்து தயாராகிவிடும். கெட்டிக்காரர்கள்.

முடிவு அ: நான் கேட்கிறேன். செலினா பிழையைச் சொல்லித் திருத்தத்தையும் சொல்கிறாள். குழு கைதட்டுகிறது, ஸெனோன் மனம் நெகிழ்ந்து... பொய். ஸெனோனை உங்களுக்குத் தெரியாது.

முடிவு ஆ: நான் கேட்கவில்லை. செலினா பட்டம் வாங்குகிறாள். கேக் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல், அவள்

இதற்கு மேல் ஓடவில்லை.

5

குழுத் தலைவர் கேட்டுவிட்டார். "அரங்கத்துல இருந்து ஏதாவது கேள்வி இருக்கா?"

செலினா என்னைப் பார்க்கவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸெனோன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "இல்லன்னா முடிச்சுக்கலாமே," என்கிறார்.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே எழுந்து நிற்க எனக்கு வராது. பேனாவை மூடுகிறேன்.