கலயம் முன்னால் போகவேண்டும்

கலயத்தை அசோகன் கையிலிருந்து ஜானகி பிடுங்கினாள். கேட்கக்கூட இல்லை. வாயில் சிவப்புத் துணி கட்டிய மண் கலயம். உள்ளே அப்பாவின் எலும்பும் சாம்பலும். விடிந்ததும் கல்பள்ளிச் சுடுகாட்டுக்குப் போய் அசோகன் பொறுக்கிக்கொண்டு வந்தது.

"ஏய், பொம்பள புடிக்கக்கூடாது," என்றார் பெரியப்பா, படகுத்துறைப் படியில் செருப்பைக் கழற்றியபடி.

"யாரு சொன்னது? கொள்ளி வெக்கப் போனீங்க, கம்முனு வீட்ல குந்தியிருந்தேன். இதையும் தம்பியே புடிச்சா நான் எதுக்குப் பொறந்தேன்?"

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு இப்பிடிப் பேசுற?"

"படிச்சதாலதான் பேசுறேன்."

அசோகன் அக்காவை ஒருமுறை பார்த்தான். "வுடு பெரியப்பா. அவளே எடுத்தாரட்டும். எனக்கு மோட்டாரு வேலை கீது," என்று சொல்லிவிட்டுப் படகின் பின்பக்கம் போய்விட்டான்.

அந்தப் போக்குதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. தனக்கு அது வேண்டவே வேண்டாம் என்பதுபோல் போகிறான். இருக்கிறவனுக்கு என்ன.

அல்சூர் ஏரியில் வாடகைக்கு விடும் படகுகளுக்கு மோட்டார் பார்த்தவர் அவர்களுடைய அப்பா அப்பாதுரை. பத்தாவதில் கோட்டைவிட்ட மகனையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். மர்ஃபி டவுனில் ஒற்றை அறை வீடு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜானகியும் அவளுடைய பி.எஸ்ஸி. புத்தகங்களும். அந்தப் பக்கம் சோற்றுத் தட்டோடு அப்பனும் மகனும்.

"மோட்டாரு கத்துது, படகு நவுர மாட்டேங்குது. இன்னாடா கோளாறு?"

"புரொபெல்லர் பின்னு அறுந்திருக்கும்பா."

"பேமானி, பின்னு அறுந்தா படகு நின்ன எடத்துலயே நிக்கும்டா. இது கொஞ்சம் போவுது, அப்புறம் கத்துது. யோசி."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஜானகி ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் அப்பாவுக்கு இரண்டே கேள்விகள்தான். "சாப்டியாமா? லைட்டு பத்துதா?" அவள் டிகிரி வாங்கியதும் அந்தத் தாளை லேமினேட் செய்து படகுத்துறை முழுக்கக் காட்டினார். வீட்டுக்கு வந்தால், அவளோடு பேசுவதும் அந்தத் தாளோடு பேசுவதுபோலத்தான் இருக்கும், விரல் பட்டுவிடுமோ என்கிற பயத்தோடு. ஒரே ஒரு தடவை அவளைப் பேமானி என்று திட்டியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். பிற்பகல் முழுக்க அவருடைய வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் அவள். கண் திறந்தவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "அசோகு வந்தானா?" வந்தான். "மூணாம் நம்பர் படகுக்கு புரொபெல்லர் மாத்துனியாடா?" மாத்தியாச்சு என்றான். "இன்னா சைஸு?" அவன் சொன்னான். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஒரு மனுசனின் கடைசிப் பேச்சு புரொபெல்லரைப் பற்றி. காலைப் பிடித்திருந்தவளுக்கு அதில் ஒரு சொல் இல்லை.

"சீக்கிரம் ஆவட்டும் அசோகா," என்று கரையிலிருந்து மேனேஜர் சாமிநாதன் குரல் கொடுத்தார். "பப்ளிக் வந்துட்டா பேஜாராய்டும். ஸ்வல்ப தூரம் போய்க் கொட்டிட்டு வந்துருங்க."

பெரியப்பா ஏற்பாடு சொன்னார். "கலயம் முன்னால போவணும். சொந்தம் அத்தினி பேரும் அது மேல கைய வெச்சிக்கினு வரணும். எங்கப்பனுக்கும் அப்பிடித்தான் செஞ்சோம்."

ஜானகி படகின் மூக்கில் ஏறி உட்கார்ந்து கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா, பெரியப்பா, சாந்தகுமாரி அத்தை, அத்தை வீட்டுக்காரர் எல்லோரும் அவளை நெருக்கியடித்து உட்கார்ந்து ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். அத்தையின் வளையல் அவள் கன்னத்தில் இடித்தது. பின்பக்கம் மோட்டாரோடு அசோகன் மட்டும்.

கயிற்றை இழுத்தான். கிளம்பியது. துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். வேகத்தைக் கூட்டினதும் மோட்டார் வீல் என்று கத்த ஆரம்பித்தது. படகு நகரவில்லை.

அணைத்தான். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்துப் புரொபெல்லரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிய்த்து எறிந்தான். மறுபடி கிளப்பினான். மறுபடி கத்தல்.

"அப்பாதுரைக்குப் போவ மனசில்ல," என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

"நீ வேற," என்றார் அவள் வீட்டுக்காரர்.

அசோகன் பின்னைக் கழற்றிப் பார்த்தான். முழுசாக இருந்தது. திரும்பப் போட்டான். புரொபெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தான். பிறகு அதே பின்னை இன்னொரு தடவை கழற்றினான்.

ஜானகிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பாரு, பெரிய மெக்கானிக்கு. இத்தனை வருசம் தட்டோடு உட்கார்ந்து கேட்டதற்கு இதுதானா? தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியும். பாரமெல்லாம் மூக்கில். மூக்கு அமுங்கினால் பின்பக்கம் தூக்கும். புரொபெல்லர் தண்ணியை விட்டுட்டு காத்தைக் கவ்வும். அப்பா எத்தனை தடவை சொன்னார்! இதுகூட இவனுக்கு…

அசோகன் மூன்றாவது தடவையாகப் பின்னைத் துடைத்தான். நிமிர்ந்து முன்பக்கம் பார்த்தான். அவள் மடியைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான்.

அவனுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே, கோளாறு ஒன்றுமில்லாத பின்னைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். எழுந்து வா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்தவளிடம் எப்படிச் சொல்வான்? முன்னைவிடக் கோபம் வந்தது அவளுக்கு. இதிலும் அவன்தான் பெரிய மனுசனா?

"நவுருங்க," என்று எழுந்தாள்.

"கலயம் முன்னாலதான்…"

"முன்னாலயே வெச்சிக்கினு சாயங்காலம் வரைக்கும் இங்கயே குந்துங்க பெரியப்பா. படகு போவணும்னா பின்னாடி ஆளு வேணும். அம்மா, நீயும் வா."

கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆடுகிற படகில் குனிந்து தடவித் தடவிப் பின்பக்கம் வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா நடுப்பலகையில் உட்கார்ந்தாள். பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது.

"காத்தக் கவ்வுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் அசோகன், அவளைப் பார்க்காமல்.

"நீங்க பேசுறதத்தான கேட்டுக்கினு இருந்தேன். தெனமும்."

"வந்து கூட உக்காந்திருக்கலாமில்ல?"

"கூப்புட்டாரா?"

"கூப்புட மாட்டாரு. நான் சத்தமாப் பேசினா மண்டைல தட்டுவாரு. அவ படிக்கிறாடா, இங்க வந்தா உன்ன மாதிரி ஆயிடுவான்னு." கயிற்றைச் சுருட்டிப் பிடித்தான். "என் மூஞ்சியப் பாத்துக்கினேதான் சொல்லுவாரு."

அவன் கயிற்றை இழுத்தான். இந்த முறை கத்தல் இல்லை. அடித்தொண்டையில் ஓர் உறுமல். படகு தண்ணீரை அறுத்துக்கொண்டு கிளம்பியது.

நடு ஏரிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். காற்று படகைத் திருப்பி நாணல் பக்கம் தள்ளப் பார்த்தது. மோட்டார் கைப்பிடியை அவனால் விட முடியவில்லை.

"நீயே கொட்டிடு," என்றான். "கலயம் உங்கிட்டதான கீது."

ஜானகி துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பார்க்கவில்லை. கலயத்தை அவன் மடியில் வைத்தாள்.

"நீ கொட்டு. அத என்கிட்ட குடு."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியாதுதான். குடு."

கைப்பிடியின் ரப்பர் அவன் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. பிடித்தவுடன் மோட்டாரின் நடுக்கம் விரல் வழியாகத் தோள்வரை ஏறியது. இது தடுப்பைத் தாண்டி ஒருநாளும் கேட்டதில்லை. வலப்பக்கம் போகவேண்டும் என்று வலப்பக்கமே தள்ளினாள். படகு இடப்பக்கம் திரும்பியது. முன்பக்கம் அத்தை அலறினாள். அசோகன் திருத்தவில்லை. படகின் ஓரம் குனிந்து, கலயத்தை மெல்லச் சாய்த்தான்.

சாம்பல் நேராக விழவில்லை. படகு வளைய வளைய அதுவும் வளைந்து, பச்சைத் தண்ணீரின்மேல் ஓர் அரைவட்டமாகக் கிடந்தது.