எருமை தின்ற கோதுமை

பாலவனத்தத்துக்குத் தெற்கே, இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்த ஓர் ஊரில், சென்னய்யா என்கிற நெசவாளிக்கு இருமலில் ரத்தம் வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டிபி என்றார்கள். மாத்திரையை இனாமாகக் கொடுத்த டாக்டர், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டுதான் விழுங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். டிபிக்காரர்களுக்கென்று சர்க்கார் அனுப்பும் கோதுமை ரவையை ஊர்ப் பிரசிடெண்டிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

பிரசிடெண்டு சௌந்தரபாண்டியன் வீட்டு வாசலுக்குச் சென்னய்யாவின் மனைவி லிங்கம்மாள் போகாத வாரமில்லை. லோடு வரவில்லை என்பதுதான் எப்போதும் பதில்.

தறி ஓடினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தறி நின்றுவிடும். வெறும் வயிற்றில் போன மாத்திரை குடலை முறுக்கியது. அதைவிட, அது கிளப்பிவிட்ட பசியைத்தான் சென்னய்யாவால் தாங்க முடியவில்லை. இருக்கிற கஞ்சியை நானே குடித்துவிட்டால் நீ என்ன குடிப்பாய் என்று அவளிடம் கேட்டான். அதோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். விசாரிக்க வந்த நர்ஸம்மா, சொன்ன பேச்சுக் கேளாதவன் என்று திட்டிவிட்டுப் போனாள். பங்குனியில் அவன் செத்தான்.

லிங்கம்மாள் கஞ்சிக்காகப் பிரசிடெண்டு வீட்டுத் தொழுவில் சாணி அள்ளப் போனாள். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கண்டுவிட்டாள். கன்று ஈன்ற எருமையின் தொட்டியில் கோதுமை ரவை ஊறிக் கிடந்தது. மூலையில் சர்க்கார் முத்திரை போட்ட மூட்டைகள் உத்தரத்தைத் தொட அடுக்கியிருந்தன. எருமை மூக்கை முக்கி உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரவில்லை.

ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. பால் கறக்கிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் கை பட்டால்தான் மடி சுரக்கும் என்கிற அளவுக்கு எருமையைப் பழக்கினாள். நல்ல வேலைக்காரி என்று பிரசிடெண்டின் மனைவி மெச்சியபோது தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

டிபிக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், எருமையையும் கன்றையும் அவிழ்த்து, தலையில் முத்திரைச் சாக்கில் கொஞ்சம் ரவையோடு அருப்புக்கோட்டை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசல் வேம்பில் கட்டி, ரவையை முன்னால் கொட்டிவிட்டுக் கறந்தாள். எதிர் டீக்கடையில் காய்ச்சிக் கொடுத்தார்கள். வரிசையில் இருமிக்கொண்டு நின்ற சனம் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தது. யார் வீட்டுப் பால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் சௌந்தரபாண்டியன் போலீஸ்காரரோடு வந்துவிட்டார்.

"களவாணி, யாரு மாட்ட ஓட்டியாந்து யாருக்குடி கறக்குற?"

லிங்கம்மாள் எருமையின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதுவரை அய்யா என்றே அழைத்தவரை அன்றைக்கு அப்படி அழைக்கவும் இல்லை.

"தின்னது இவுக கோதும. பாலும் இவுகளுக்குத்தான். எம் புருசன் பங்கு மட்டும்தான் குடிக்க ஆளில்லாமக் கெடக்கு."

பிறகு போலீஸ்காரரைப் பார்த்தாள். "மாட்டக் களவாண்டது நாந்தான், எழுதிக்கிடுங்க. அது என்னத்தத் தின்னு வளந்துச்சுன்னும் எழுதுங்க. இந்தா சாக்கு."

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் சாக்கைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். சௌந்தரபாண்டியனின் முகம் வெளுத்தது. அந்த முகத்தை லிங்கம்மாள் ஆசைதீரப் பார்த்தாள்.

புகாரை அவர் அங்கேயே வாபஸ் வாங்கினார். விசாரணை வந்து பதவி போனது, ஜெயில் மட்டும் இல்லை. ரவையை ஆஸ்பத்திரியிலேயே மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பாதியில் நின்றவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். அதற்காகச் சிலர் லிங்கம்மாளைக் கும்பிட்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அதற்காகச் செய்யவில்லை.

டவுனிலேயே சாயப்பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தாள். சந்தை நாட்களில் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாள். சௌந்தரபாண்டியன் இறங்கினால் ஒரு வார்த்தை பேசாமல் அவர் முகத்தையே பார்ப்பாள். கொஞ்ச நாளில் அவர் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வெயிலில் நடக்க ஆரம்பித்தார். அது தெரிந்த மறுவாரம் லிங்கம்மாள் அந்த ஸ்டாப்புக்குப் போய் நின்றாள்.