திருஷ்டிப் பானையில் சிக்கியது யார்?

பள்ளங்கி கிராமத்தில் சேனாதிபதியின் பீன்ஸ் தோட்டத்து நடுவே ஒரு பானை கம்பின் மேல் கவிழ்ந்து நின்றது. விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பி, கண்ணும் மூக்கும் வரைந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து சுலைகாவின் கண்ணுக்காக வைத்த திருஷ்டிப் பானை அது.

பாவம், சுலைகா செய்த குற்றம் இவ்வளவுதான்: "என்னா செழிப்புண்ணே!" என்று வாயாரச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சள் பூத்தன. மனுஷருக்கு அது போதாதா? இருபது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் அறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சுலைகாவின் மகள் சமீஹாவுக்குக் கல்யாணம். "அந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்று மனைவி வடிவுக்கு உத்தரவு. சமீஹாவை இடுப்பில் தூக்கி வளர்த்த வடிவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில், பயிர் நோய்களை ஆராயும் தமிழ்மதி வந்தாள். மூன்று வாரம் முன்பு வந்து இலை பறித்துப் போனவள். யார் சொல்லி வந்தாள் என்று அவர் அப்போது கேட்கவில்லை.

"ஐயா, ரிசல்ட் வந்திருச்சு. இது வைரஸ். வெள்ளை ஈதான் செடிக்குச் செடி கொண்டு போகுது."

"ஈயா? தெனமும் வெள்ளனே வந்து பாக்குறேன், ஒண்ணயும் காணலையேம்மா!"

"இலைக்கு அடியில பாத்தீங்களா?"

அவர் எங்கே பார்த்தார்? அவர் பார்த்ததெல்லாம் சுலைகாவின் வரப்பை.

தமிழ்மதி பானைக்குக் கிட்டே போனவள் சிரித்துவிட்டாள். பானை முழுக்க, அரிசி நொய் ஒட்டியதுபோல், குட்டி வெள்ளை ஈக்கள்.

"மஞ்ச நெறத்தக் கண்டா இது பறந்து வரும். நாங்க மஞ்ச அட்டையில பசை தடவித் தொங்கவிடுவோம். நீங்களும் அதத்தான் செஞ்சிருக்கீங்க!"

"அப்ப சுலைகா கண்ணு..."

"அவங்க செடியிலயும் இதே வைரஸ்தாங்க. எங்களுக்குப் போன் பண்ணதே அவங்கதான். 'அண்ணன் தோட்டத்தையும் சேத்துப் பாருங்க'ன்னு சொன்னாங்க."

சேனாதிபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மிச்சமாவது தேறுமாம்மா?"

"நோய் புடிச்சதப் புடுங்கி அழிச்சிருங்க. மேல் பாத்தியில இன்னும் நோய் வரல, அது தப்பிச்சிரும்."

அப்பாடா என்றிருந்தது. வேலியோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த சுலைகா தலை நிமிர்ந்தாள்.

"செடிக்குச் சீக்கு வந்தா இலைக்கு அடியில தேடணும், பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணுல தேடக் கூடாது. எனக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு, தங்கச்சி."

பின்னாலேயே வந்து நின்ற வடிவு அதற்குள் வேலியைத் தாண்டிவிட்டாள். "கல்யாணச் சோலி என்னென்ன கெடக்கு? வெரசாச் சொல்லு!"

சுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, அந்தப் பானைய எடுத்துராதீங்க. எனக்கும் ஒண்ணு பூசிக் குடுங்க."