அரிசியில்லாத மாவிளக்கு

மறுநாள் மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு. அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் எனக்கு மூன்று ரொட்டி வெடித்துவிட்டன.

மாவிளக்குக்கும் ரொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் பெருமாட்டியில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை. எனக்கு வாய் நிற்காது. பிறந்த வீட்டிலும் அந்தப் பேர்தான், புகுந்த வீட்டிலும் அந்தப் பேர்தான்.

என் மகள் ஜீவிதாவுக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. இப்போது எட்டு. நாலு விதமான மாத்திரை மாற்றியும் நிற்கவில்லை. ஐப்பசியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரே நாளில் ஆறு தடவை வந்து அவள் துவண்டு கிடந்தபோது, நான் மாரியம்மனிடம் கத்தினேன். "நூறு நாள் வராம வெச்சுரு தாயே. பங்குனிச் சாட்டுத் திருவிழாவுக்கு என்ற புள்ள தலையில மாவெளக்கு எடுத்தாறேன். வெளக்கு மலையேறுனதும் மொத வாய் அவளே திம்பா." நர்ஸ் வந்து சத்தம் போடாதே என்று அதட்டினாள். பக்கத்தில் நின்றது என் நாத்தனார் கமலாத்தாள், நான் நங்கையா என்று கூப்பிடுகிறவள். சாட்சிக்கு வேறு ஆளே வேண்டாம். அவளுக்கு மறதி என்பதே கிடையாது.

மூன்று வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் கீட்டோ உணவுமுறையை ஆரம்பித்தார். அரிசி கூடாது, கோதுமை கூடாது, ராகி, கம்பு எதுவும் கூடாது. சர்க்கரை வாசமே ஆகாது. நெய்யும் எண்ணெயும் முட்டையும்தான் சோறு. எல்லாவற்றையும் கிராம் தராசில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். பிள்ளை தட்டில் ஒட்டியிருப்பதையும் வழித்து வாயில் போட வேண்டும். மார்கழி முதல் நாள் பள்ளிக்கூடத்தில் யாரோ பிறந்தநாள் மிட்டாய் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு மிட்டாய். அன்று சாயங்காலமே இரண்டு தடவை வந்தது. அதுதான் கடைசி. அதற்கப்புறம் வரவில்லை.

இப்போது புரிகிறதா? மறுநாள் நூறாவது நாள். அம்மன் தன் வார்த்தையை அநேகமாகக் காப்பாற்றிவிட்டாள். நான் என் வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து என் மகளுக்கே ஊட்ட வேண்டும். ஊட்டினால் வலிப்பு வரும். ஊட்டாவிட்டால் அம்மனை ஏமாற்றியதாகும். ஏமாற்றினாலும் வலிப்பு வரும். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பிள்ளைதான் விழுந்தாள்.

அதனால்தான் ரொட்டி. ஐந்து மாதமாக நான் அவளுக்கு வீட்டில் சுடுவது தேங்காய் மாவு ரொட்டி. பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து மிக்சியில் அடித்தால் மாவாகிவிடும். அதோடு பாதாம் மாவு, நெய், மாவு ஒட்டுவதற்கு இசப்கோல் உமி, மூன்று முட்டை. கடைப் பேக்கிங் பவுடரில் சோள மாவு கலந்திருக்கிறதாம், அதனால் ஆப்பசோடாவும் எலுமிச்சைச் சாறும். அந்த ரொட்டியையே நடுவில் குழி வைத்து விளக்காகச் சுட்டுவிட்டால், நெய் ஊற்றித் திரி போட்டு, அம்மனுக்கும் ஆயிற்று, பிள்ளைக்கும் ஆயிற்று. புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முட்டையை மறந்துவிட்டேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊருக்குள் முட்டை உடைக்கக் கூடாது. ஜீவிதாவின் முட்டையையே தோப்பு மோட்டார் ரூமில் ஸ்டவ் வைத்து வேகவைத்து, நாளைக்கு மூன்று தடவை ஓடிக்கொண்டிருந்தேன். அம்மனுக்கு வைக்கிற விளக்கில் எப்படி முட்டை ஊற்றுவது? முட்டை இல்லாமல் அந்த மாவு நிற்பேனா என்றது. முதல் ரொட்டி குறுக்கே பிளந்தது. இரண்டாவது வெளியே கருகி வெடித்து உள்ளே களியாக இருந்தது. மூன்றாவதில் இசப்கோலைக் கூட்டினேன், அது ஊதா நிறமாகி நடுவில் அமுங்கி, மேலே வெடித்தது. என் வீட்டுக்காரர் பிரதீப்புக்கு போன் போட்டேன். கஞ்சிக்கோட்டில் கம்பிக் கம்பெனியில் அவருக்குக் காலை ஷிப்ட்.

"ஏனுங்க, மூணும் போச்சுங்க."

"நீ பாத்துக்க சங்கரி. இங்க மெஷின் ஓடுது."

எப்போதும் மெஷின் ஓடும். எனக்கு மட்டும் எதுவும் ஓடாது.

நான்காவதை ஓவனுக்குள் வைத்த நேரத்தில் கமலாத்தாள் வந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் அவள் வீடு. ஒரு கையில் இடித்துச் சலித்த பச்சரிசி மாவு, இன்னொரு கையில் மறையூர் வெல்லம். பிளந்த ரொட்டியையும் கருகிய ரொட்டியையும் பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"இதென்ன கண்றாவி சங்கரி? மாட்டுக்கா?"

"அம்மனுக்குங்க நங்கையா."

"அம்மனுக்கு ரொட்டியா! ஊரு சிரிக்கும். இந்தா, மாவு கொண்டாந்திருக்கறேன். வெரல் நுனியில ஒரு துளி எடுத்து நாக்குல தடவியுடு. அத்தனைதான்."

"ஒத்த முட்டாயிக்கு ரெண்டு தடவ வந்துச்சுங்க. மறந்துட்டீங்களா?"

"அது பள்ளிக்கூடத்து முட்டாயி. இது சாமி பிரசாதம். அம்மன் பாத்துக்குவா."

"பாத்துக்கிற அம்மன் அஞ்சு வருசமா எங்க போயிருந்தா?"

சொல்லியிருக்கக் கூடாதுதான். கமலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாய அலம்பு மொதல்ல! வேண்டுனது நீ. நான் காதுல கேட்டேன். வாங்கிட்டு இப்ப அம்மன்கிட்டயே கணக்குப் பேசறயா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு."

அந்த வார்த்தை என்னை எங்கே குத்தியதோ தெரியாது. கரண்டியைத் தொட்டியில் வீசினேன். "ஆமாங்க, நாந்தான் பொறுப்பு. எல்லாத்துக்கும் நாந்தான். பேசாம இன்னிக்கே இவளுக்கு ஒருக்கா வந்து தொலைஞ்சுதுன்னா வேண்டுதலும் இல்ல, வெளக்கும் இல்ல. நானும் சித்தெ நேரம் உக்காருவேன்!"

சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஜீவிதா சாப்பாட்டு மேஜைக்குக் கீழே உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மஞ்சள் பென்சிலை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு வசதியானதைத்தானே நாம் நினைப்போம்.

கமலாத்தாள் மாவையும் வெல்லத்தையும் மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதுதான் எனக்குப் பயம். வாசல்வரை பின்னாலேயே ஓடி, "நங்கையா, நங்கையா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. திரும்பி வந்து அடுப்படியில் நின்றேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோப்புக்குப் போய் முட்டையை வேகவைத்து எடுத்து வந்தேன். ஜீவிதாவுக்கு நிறுத்துக் கொடுத்தேன். அவள் ஒழுங்காகத் தின்று தட்டை நக்கினாள். துணி துவைத்தேன். காய்ந்திருந்த துணியையே எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

மூன்று மணிக்குத்தான் ஓவன் ஞாபகம் வந்தது. ஐயோ சாமி, நான்காவது ரொட்டி! நேரம் முடிந்து ஓவன் தானாக அணைந்து, ரொட்டி உள்ளேயே கிடந்து மெல்ல ஆறியிருந்தது. கதவைத் திறந்தால், வெடிப்பு இல்லை, பிளவு இல்லை. மேலே லேசான ஊதா. நடுவில் குழி அப்படியே நின்றது. சூட்டோடு வெளியே இழுத்ததால்தான் மற்றதெல்லாம் வெடித்திருக்கிறது. என் பொறுமையில்லாத கைதான் காரணம். உருக்கிய நெய்யைக் குழியில் ஊற்றினேன். நூறுவரை எண்ணினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"ஜீவி! நின்னுருச்சுடா கண்ணு! ஓடியா, ஓடியா!" என்று கூவினேன்.

கூடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது.

ஓடினேன். ஜீவிதா தரையில் கிடந்தாள். கையும் காலும் உதறிக்கொண்டிருந்தன. ஐந்து வருஷப் பழக்கம், யோசிக்கவே தேவையில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. தொண்ணூற்றொன்பது நாள் போயிற்று. எல்லாம் போயிற்று. இருபது.

இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் என் மனசு ஒன்று சொல்லிற்று. "அப்பாடா. நாளைக்கு மாவிளக்கு எடுக்க வேண்டியதில்லை."

பெற்றவள் நான். என் பிள்ளை தரையில் கிடந்து உதறும்போது எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிற்று. தோள் தளர்ந்தது. மூச்சுக்கூட நன்றாக வந்தது. ஒரே நொடிதான். ஆனால் வந்தது வந்ததுதான்.

அந்த நொடி கழிந்ததும் அவளை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. நிஜமாக வரும்போது அவள் கண் திறந்தே இருக்கும், கருவிழி இடது பக்கமாகப் போய்ச் செருகிக்கொள்ளும். வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும், நாலு பேர் சேர்ந்தாலும் பிரிக்க முடியாது. இப்போது கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கட்டைவிரல் வெளியே ஆடியது. உதட்டில் நீலமும் இல்லை, ஓரத்தில் நுரையும் இல்லை.

"ஜீவி," என்றேன். "எந்திரி."

உதறல் மெல்ல நின்றது. கண்ணைத் திறக்கவில்லை.

"எந்திரிடி. எனக்குத் தெரியும்."

எழுந்து உட்கார்ந்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். அடிக்கத்தான் கை ஓங்கினேன், பொய் சொல்லவில்லை. உயிரே போய்த் திரும்பி வந்திருந்தது எனக்கு.

"எதுக்குடி இப்படிப் பண்ணுனே? சாமி பேர்ல வெளையாடறயா?"

"நீதான அத்தகிட்டச் சொன்னே. ஒருக்கா வந்துட்டா வெளக்கு வேண்டாம்னு. நீ சித்தெ உக்காருவேன்னு."

"அது கோவத்துல சொன்னதுடா."

"இல்லம்மா." மெல்லச் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, தெரிந்ததைச் சொல்கிற குரல். "நான் ஒரு கண்ணுல பாத்தேன். நீ மொதல்ல பயந்தே. அப்புறம் உன்ற மூஞ்சி நல்லாயிருச்சு."

எனக்கு வாய் நிற்காது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு நின்றது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்த பிள்ளையிடம் என்னவென்று பொய் சொல்வது?

சாயங்காலம் கமலாத்தாள் வந்தாள். அரிசி மாவை அவளிடமே கொடுத்தேன். "இது உங்க தட்டுக்குங்க நங்கையா. என்ற தட்டுல ரொட்டிதான்." வீங்கிய என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மாவை வாங்கிக்கொண்டாள். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. பிரதீப்பிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஜீவிதாவின் தலையில் தட்டு. வாழை இலையின்மேல் ஊதா ரொட்டி, அதன் நடுவில் நெய்யில் திரி எரிந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பூசாரி என்ன சொல்வார், யார் என்ன கேட்பார்கள், அம்மன் முகம் எப்படி இருக்கும் என்று ஒன்று மாற்றி ஒன்று. வரிசையில் தட்டை இறக்கி வைத்ததும் பூசாரி குனிந்து பார்த்தார்.

"இதென்ன மாவுங்க?"

"அரிசி இல்லீங்க. தேங்காயும் பாதாமும். முட்டை சேக்கல. அரிசி தின்னா புள்ளைக்கு ஃபிட்ஸ் வந்துருமுங்க."

"சரி, நெய் சாயாம பாத்துக்குங்க," என்றார். குங்குமத்தை வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் செத்துப் பிழைத்ததெல்லாம் இந்த ஒற்றை வார்த்தைக்கா? பின்னால் நின்ற கமலாத்தாள் என் முதுகில் லேசாகத் தட்டினாள். அது சமாதானமா, ஏளனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து, திரி அணைந்து விளக்கு மலையேறியது. "பிட்டுத் தின்னு கண்ணு," என்றேன். ஜீவிதா நெய்யில் ஊறிய ஓரத்தைப் பிட்டாள். நான் வீட்டிலேயே நிறுத்து வைத்திருந்தேன், அவ்வளவும் தின்னலாம். வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள். கூட்டத்தில் யாருக்கும் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்.

"அம்மா, இப்ப எனக்கு நெசமா வந்தா?"

நான் மண்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். "வந்தா எனக்கு உசுரே போயிரும்டா சாமி," என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள். அம்மன் பக்கம் எனக்குத் தலை திரும்பவே இல்லை. பிறகுதான் ரொட்டியை வாயில் போட்டாள்.