ஒத்த ரூபாயும் தர மாட்டேன்

வடமதுரை சாலையில் உள்ள பெட்ரோல் பங்க்கில் முத்துப்பேச்சி ஆறு வருடமாக வேலை பார்த்தாள். போலீஸ் ஜீப் வந்து நின்றபோது ஒரு வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய கண்ணன் அவளைக் கைநீட்டிக் காட்டினார். “இவதான் சார்” என்றார்.

கண்ணன் திண்டுக்கல்லில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். முந்தின ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அந்த வழியாக வந்து பெட்ரோல் போட்டார். காரை விட்டு இறங்காமல் கிரெடிட் கார்டை நீட்டி, ரகசிய எண்ணையும் வாய்விட்டே சொன்னார். அன்று சாயங்காலம் அந்தக் கார்டில் மதுரையில் யாரோ ஒன்றேகால் லட்சத்துக்கு நகை வாங்கிவிட்டார்கள். போனில் செய்தி வந்து பர்ஸைப் பார்த்தால், உள்ளே இருந்தது அதே வங்கியின், அதே நிறக் கார்டு. ஆனால் வேறு யாருடையதோ. எண் தெரிந்தவள் பங்க்காரிதான், அவள்தான் கார்டை மாற்றிக் கொடுத்திருக்கிறாள் என்று புகார் கொடுத்தார்.

நகைக்கடை கேமராவில் பதிவாகியிருந்தது முகக்கவசம் போட்ட ஓர் ஆண். அந்தக் கூட்டாளி யார் என்று ஸ்டேஷனில் இரண்டு நாள் கேட்டார்கள். எண் உனக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார்.

“தெரியும் சார். ஒரு நாளைக்கு அம்பது பேரு நம்பரு எனக்குத் தெரியும். தெரிஞ்சது குத்தம்னா சொன்னவங்களையும் பிடிங்க” என்றாள் முத்துப்பேச்சி.

பன்னிரண்டு நாள் பெண்கள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். பங்க்கில் வேலை இல்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து பங்க் மேனேஜரே வீட்டுக்கு வந்தார். பாதிப் பணத்தைத் தவணையில் கொடுத்தால் கண்ணன் கோர்ட்டில் சமரசம் பேசி வழக்கை முடித்துக்கொள்வார் என்றார். அவள் கணவன் ஒச்சப்பன் அரை ஏக்கரில் கனகாம்பரம் போட்டிருப்பவன். கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. அவனுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது.

“குடுத்துத் தொலைச்சிருவோம் பேச்சி. ஊரு வாயி மூடணும்ல” என்றான்.

“மூடாது. எடுத்தவ திருப்பிக் குடுத்துட்டான்னு இன்னும் பெருசாத் தொறக்கும். எடுக்காத காசுக்கு ஒத்த ரூபா தர மாட்டேன்.”

அவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அவளுக்காக வாதாடியவர் அறிவுச்செல்வி, சட்ட உதவி மையம் அமர்த்திக் கொடுத்த வக்கீல். அவரும் ஒளிக்காமல் சொன்னார்: சமரசமானாலும் சட்டப்படி விடுதலைதான், விசாரணை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். முத்துப்பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பேப்பர்ல நான் எடுக்கலைன்னு எழுதுவாங்களா வக்கீலம்மா?”

“இல்ல. சமரசம்னுதான் எழுதுவாங்க.”

“அப்ப வேணாம்.”

குற்றப்பத்திரிகையின் நகல் கைக்கு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். கார்டின் கணக்கு விவரம் அதில் இருந்தது. பகல் பதினொன்று நாற்பதுக்குப் பங்க்கில் பெட்ரோல். ஒன்றரைக்குத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் அறுநூற்று நாற்பது ரூபாய். நாலேகாலுக்கு மதுரையில் நகை. பங்க்குக்குப் பிறகு நடந்தது எல்லாமே திருடனின் செலவு என்று போலீஸ் எழுதியிருந்தது.

முத்துப்பேச்சி பிரியாணிக் கடை வரியில் விரலை வைத்தாள். அன்று காரின் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் பசிக்கிறது என்று அழுதது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் பிரியாணி சாப்பிடலாம் என்று கண்ணன் பிள்ளைகளை அதட்டியதும் ஞாபகம் இருந்தது. அவர் போய்ச் சாப்பிட்டு அதே கார்டில் பணம் கட்டியிருந்தால், பங்க்கில் கார்டு மாறவே இல்லை.

மறுநாள் வக்கீலும் அவளும் அந்தக் கடைக்குப் போனார்கள். முதலாளி கிதர் முகம்மது கல்லாவில் இருந்தார். கேமராப் பதிவு ஒரு மாதத்தில் அழிந்துவிடும் என்று கையை விரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேசை காலியானதும் கூப்பிடுவதற்காக எல்லாரிடமும் போன் நம்பர் வாங்குவார்களாம். அது பில்லிலும் ஏறிவிடும். கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தார். பில்லில் இருந்தது கண்ணனின் நம்பர். போலீஸ் யாரும் இதைக் கேட்டு வரவில்லையா என்று அறிவுச்செல்வி விசாரித்தார். யாரும் வரவில்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது கிதர் முகம்மது முதலில் தயங்கினார். கோர்ட், போலீஸ் என்றால் வியாபாரம் கெடும் என்றார். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்து, “தேதி சொல்லுங்கம்மா, வாரேன்” என்றார்.

விசாரணை தொடங்க எட்டு மாதம் ஆனது. கூண்டில் ஏறிய கண்ணன், பெட்ரோல் போட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். அறிவுச்செல்வி பில்லை நீட்டி, இது யாருடைய போன் நம்பர் என்று கேட்டார். கண்ணன் அதை வாங்கிப் பார்த்தார்.

“என்னோடதுதான். சாப்பிட்டோம். நான்தான் கார்டு போட்டேன்.”

“அப்புறம் எங்க போனீங்க?”

சாப்பிட்டு முடித்ததும் குடும்பத்தைக் காரில் உட்கார வைத்துவிட்டு ஏடிஎம்முக்குப் போயிருக்கிறார். பணம் வரவில்லை. பின்னால் நின்ற ஒருவன் உதவி செய்கிறேன் என்று கார்டை வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறான். அவன் முன்னால்தான் எண்ணையும் அழுத்தினார். திருப்பிக் கொடுத்தபோது அவன் கார்டை மாற்றியிருக்கிறான்.

“இதை ஏன் போலீஸ்ல சொல்லல?”

“படிச்ச ஆளு ஏமாந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார் கண்ணன். அப்போதும் அவர் முத்துப்பேச்சி பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாய்தாவில் கிதர் முகம்மது கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து பில்லை உறுதி செய்தார். தீர்ப்பில், புகாரில் சொன்ன சம்பவம் அந்தப் பங்க்கில் நடக்கவே இல்லை என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். அந்த வரியை அறிவுச்செல்வி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஒச்சப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முத்துப்பேச்சி அழவில்லை, பசிக்கிறது என்றாள்.

வராந்தாவில் கண்ணன் அருகில் வந்து, மன்னிச்சிருங்கம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

“இங்க வேணாம். நாலு பேரு முன்னாடி கைநீட்டுன எடத்துல வந்து சொல்லுங்க” என்றாள். அவர் வருவதாகத் தலையாட்டினார். இதுவரை வரவில்லை.

தீர்ப்பின் நகலோடு அவள் பங்க்குக்குப் போனாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, திங்கள்கிழமை வேலைக்கு வரலாம், ஆனால் கார்டு மெஷின் வேண்டாம், காற்றடிக்கும் பக்கம் நில் என்றார். பழைய இடத்தில்தான் நிற்பேன் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் முதலாளிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு மேனேஜர் சம்மதித்தார்.

வேலையில் சேர்ந்த வாரமே, காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்த பதினாலு மாதத்துக்கும் சம்பளம் கேட்டு தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அறிவுச்செல்விகூடக் கொஞ்சம் பொறுக்கலாமா என்றார்.

“பொறுத்தது போதும் வக்கீலம்மா. அடுத்த வாய்தா எப்பன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள்.